அரசர் எனப்படும் மாணவர்: நுகர்வோர் இறையாண்மைக் கூற்றுக்கு ஒரு மறுப்பு

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் புதிய கைப்பேசியைத் தவணையில் வாங்குவதையும், கட்டணமின்றிக் கிடைக்கும் காணொளிகளில் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பதையும் குறித்து யாரேனும் ஐயம் எழுப்பினால், வணிகவியல் வகுப்பறை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே விடைதான் ஆயத்தமாக இருக்கிறது. ஊடகம் அவர் விரும்புவதைத் தருகிறது, விளம்பரம் தகவல் அளிக்கிறது, தேவைகள் அவருடையவை, கடன் அவர் கையை வலுப்படுத்துகிறது, பிடிக்காவிட்டால் அவர் விலகிக்கொள்ளலாம் என்பதே அவ்விடை. பொருளியலில் இதற்கு ‘நுகர்வோர் இறையாண்மை’ என்று பெயர். எதை உற்பத்தி செய்வது என்பதை இறுதியில் முடிவு செய்பவர் வாங்குபவரே என்பது இதன் கருத்து. உற்பத்தியின் ஒரே நோக்கம் நுகர்வே என்று ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியதில் இதன் வேர் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹட் 1936-இல் வெளியிட்ட நூலின் வழியாக இத்தொடர் பரவியது. இருவரும் மனத்தில் கொண்டிருந்தது, வாங்குபவர் காசு கொடுத்து விற்பவரிடம் பொருளைப் பெறும் நேரடிச் சந்தை. காசு கொடுப்பவர் ஒருவர், பொருளைப் பெறுபவர் வேறொருவர் என்றிருக்கும் ஊடகச் சந்தைக்கு அதே கோட்பாட்டைக் கூசாமல் பொருத்துவதில்தான் பிழை தொடங்குகிறது.

ஊடகம் மக்கள் விரும்புவதைத் தருகிறது என்னும் முதற்கூற்றை ஆராய, ஊடகத்துக்குப் பணம் தருவது யார் என்று பார்த்தால் போதும். 1833-இல் பெஞ்சமின் டே தொடங்கிய ‘நியூயார்க் சன்’ நாளிதழ், மற்ற இதழ்கள் ஆறு சென்டுக்கு விற்ற காலத்தில் ஒரு சென்டுக்கு விற்றது. குறைந்த விலையால் வாசகர் கூட்டம் பெருகியது. அக்கூட்டத்தைக் காட்டி விளம்பரதாரரிடம் பெற்ற பணமே இதழை நடத்தியது. இம்முறை இந்தியாவுக்குப் புதிதன்று. 1990-களில் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ தன் விலையைக் குறைத்துப் போட்டியாளர்களைத் திணறடித்தபோது, செய்தித்தாளின் முதன்மை வருவாய் வாசகரிடமிருந்து வருவதில்லை என்பது வெளிப்படையாகவே ஒரு வணிக உத்தியாக நிலைபெற்றது. கனடியப் பேராசிரியர் டல்லஸ் ஸ்மைத் 1977-இல் இதற்கு ‘பார்வையாளர் என்னும் சரக்கு’ என்று பெயரிட்டார்: விளம்பரத்தால் வாழும் ஊடகம் செய்தியையோ நாடகத்தையோ விற்பதில்லை, அவற்றை நுகர்வோரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்கிறது என்பது அவர் விளக்கம். அன்று மிகைப்படுத்தல் என ஒதுக்கப்பட்ட இக்கருத்தை இன்று நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களே ஒப்புக்கொள்கின்றன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றை உடைய மெட்டா நிறுவனம் 2023-இல் ஈட்டிய ஏறத்தாழ 13,490 கோடி டாலர் வருவாயில் 97 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. மாணவர் அந்நிறுவனத்தின் பயனர், வாடிக்கையாளர் வேறொருவர்.

இதற்கு எதிராக, ரசிகர் விரும்பாத நிகழ்ச்சியைப் பார்க்க மாட்டார், ஆகவே விளம்பரதாரரும் ரசிகரின் விருப்பத்துக்கே கட்டுப்பட்டவர் என்று சொல்லப்படுவதுண்டு. பாதி உண்மை. தொலைக்காட்சியில் அந்த விருப்பத்தை அளப்பதாகச் சொல்லப்படும் கருவி டி.ஆர்.பி. எனப்படும் பார்வையாளர் புள்ளி. அது பார்த்தோரின் எண்ணிக்கையையும் நேரத்தையும் கணக்கிடுமே ஒழிய, பார்த்தது பயன்பட்டதா என்று கேட்பதில்லை. மேலும், அப்புள்ளிகளில் முறைகேடு நடந்ததாக 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தபின், செய்தி அலைவரிசைகளுக்கான புள்ளிகளை அளவீட்டு அமைப்பான பார்க் நிறுத்திவைத்து 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளியிட்டது. மக்கள் விருப்பத்தின் ஒரே வழிகாட்டி எனப்பட்ட ஒன்று ஓராண்டுக்கு மேல் இல்லாமலே அலைவரிசைகள் ஓடின என்பது சற்று வேடிக்கையான செய்திதான்.

பணம் தருபவரின் செல்வாக்கு விளம்பர இடத்தோடு நின்றுவிடுவதில்லை. 2005 முதல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வை வெளியிடும் பென்னட் கோல்மன் நிறுவனம், பணத்துக்கு மாறாகப் பிற நிறுவனங்களின் பங்குகளைப் பெற்றுக்கொண்டு விளம்பர இடம் அளிக்கும் ‘தனி ஒப்பந்த’ முறையை நடத்தியது. ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கும் நாளிதழ் அந்நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது அதை வாசகருக்குச் சொல்ல வேண்டாமா என்ற வினா எழுந்து, 2010-இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, ஊடகங்கள் தம் பங்குடைமையை வெளியிட வேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டில் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு ‘பணம் பெற்ற செய்தி’, அதாவது காசு வாங்கிக்கொண்டு செய்தி வடிவில் அச்சிடப்படும் விளம்பரம், குறித்து விரிவான அறிக்கை தந்தது. மன்றம் முதலில் சுருக்கத்தை மட்டுமே வெளியிட்டது. பெயர்களோடு கூடிய முழு அறிக்கை, தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு 2011-இல்தான் பொதுவெளிக்கு வந்தது. செய்திக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான கோட்டை வாசகர் தாமே கண்டுகொள்வார் என்போர், அக்கோட்டை அழித்தவர்களின் பெயரை அறிய வாசகர் எவ்வளவு காத்திருக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளம்பரம் இல்லாமல் ஊடகமே இல்லை என்ற வாதத்துக்கு வரலாற்றில் எளிய விடை கிடையாது. 1903-இல் டர்பனில் தமிழ்ப் பகுதியுடன் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் 1912-இல் காந்தியின் முடிவால் விளம்பரங்களைக் கைவிட்டது உண்மை. அவ்விதழ் அவருடைய சொந்த வருவாயையும் பெருமளவில் விழுங்கியது என்பதும் உண்மை. விளம்பரத்தை விலக்கி இதழ் நடத்துவது கடினம் என்று இதனால் ஒப்புக்கொள்ளலாம். அதிலிருந்து, விளம்பரத்தால் நடக்கும் இதழ் வாசகரின் ஆணைப்படி நடக்கிறது என்ற முடிவு பிறக்காது.

விளம்பரம் தகவலே என்னும் இரண்டாம் கூற்று இவ்வளவு நீண்ட ஆய்வுக்குத் தகுதியுடையதன்று. தலைமுறை தலைமுறையாக ‘ஆரோக்கிய பானம்’ என்ற பெயரில் இந்தியத் தாய்மார்களுக்கு விற்கப்பட்ட மால்ட் பொடிகளை எடுத்துக்கொள்ளலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதைக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சுட்டியபின், 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அவ்வகையிலிருந்து நீக்குமாறு இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. ஹார்லிக்ஸை விற்கும் நிறுவனமும் அதே மாதம் தன் வகைப்பெயரை மாற்றிக்கொண்டது. சட்டத்தில் இல்லாத ஒரு பெயர், விளம்பரத்தின் வலிமையாலேயே அறிவியல் போல நிலைத்திருந்தது. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பின் கதையும் இத்தகையதே: சிவந்த மேனி இருந்தால் வேலையும் வரனும் கிடைக்கும் என்று கருநிறம் இயல்பாயுள்ள நாட்டில் கற்பித்து வந்த அது, 2020-இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. 45 ஆண்டுகள் நடத்திய பாடத்தை யாரும் திரும்பப் பெறவில்லை.

தேவைகள் நுகர்வோருடையவையே, விளம்பரம் அவற்றைப் படைப்பதில்லை என்னும் கூற்று இவற்றுள் வலுவானது. அதன் சார்பில் வாதிட்டவரும் எளியவர் அல்லர். 1958-இல் ஜான் கென்னத் கால்பிரெய்த், தேவையை நிறைவு செய்யும் உற்பத்தியே அத்தேவையையும் தோற்றுவிக்கிறது என்று கூறி, இதைச் ‘சார்பு விளைவு’ என்றார். 1961-இல் ஃபிரெட்ரிக் ஹாயெக் எழுதிய மறுமொழியில் இரண்டு செய்திகள் உண்டு. உணவும் உறைவிடமும் போன்ற சிலவற்றைத் தவிர மனிதரின் விருப்பங்கள் எல்லாமே பிறரிடமிருந்து கற்றவை. இலக்கியத்தை எழுதுவோர் இல்லாவிட்டால் இலக்கிய ஆர்வமும் இராது, அதனால் அந்த ஆர்வம் மதிப்பற்றதாகிவிடாது என்பது ஒன்று. உற்பத்தியாளர் பலர் போட்டியிடும்போது தனியொரு உற்பத்தியாளரால் மக்களின் தேவையைத் திட்டமிட்டுத் தீர்மானிக்க முடியாது என்பது மற்றொன்று. முதற்பகுதி சரியே, கற்ற விருப்பம் என்பதற்காக ஒரு விருப்பத்தை இழித்துரைப்பது அறியாமை. ஆனால் ஆசிரியர் கற்பிக்கும் வாசிப்புச் சுவைக்கும் விளம்பரம் கற்பிக்கும் சுவைக்கும் உள்ள வேறுபாட்டை ஹாயெக் பொருட்படுத்தவில்லை. நூலகத்தில் மாணவருக்குக் கம்பனை அறிமுகப்படுத்துபவருக்கு அவர் புரட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கழிவுத்தொகை கிடைப்பதில்லை. விளம்பரத்தின் வெற்றியோ விற்பனை ஒன்றாலேயே அளக்கப்படுகிறது. கற்றவர் பின்னர் வருந்தினாலும் அந்த அளவீடு குறையாது.

இரண்டாம் பகுதிக்கு வரலாறே மறுப்பு. உலகின் பட்டை தீட்டாத வைர வணிகத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த டி பியர்ஸ் நிறுவனம், 1938 முதல் என்.டபிள்யூ. அயர் என்னும் விளம்பர நிறுவனத்தின் துணையுடன், வைரத்தைத் திருமண உறுதியின் அடையாளமாக்கும் பணியில் இறங்கியது; வைரம் என்றென்றைக்கும் உரியது எனப் பொருள்படும் புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை அங்குப் பணியாற்றிய ஃபிரான்சிஸ் ஜெரெட்டி 1947-இல் எழுதினார். இன்னும் தெளிவான சான்று ஜப்பான். அங்கு நிச்சயத்தின்போது வீட்டார் வரிசைப்பொருள் அளிக்கும் தொன்மரபு உண்டே தவிர வைர மோதிர வழக்கம் இல்லை. 1967-இல் விளம்பரம் தொடங்கியபோது நிச்சயமான பெண்களில் 5 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றனர். 1981-இல் அது ஏறத்தாழ 60 விழுக்காடு. எத்தனை மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவிடுவது முறை என்பதையும் விற்றவரே வகுத்துக் கொடுத்தார்: அமெரிக்காவில் இரண்டு மாதம், ஜப்பானில் மூன்று. அட்சய திருதியை நெருங்கும்போது நாளிதழின் முதற்பக்கத்தையே மறைக்கும் நகைக்கடை விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதில் வியப்பதற்கு அதிகம் இருக்காது. வைர வணிகம் முற்றுரிமையாக இருந்ததால் அது விதிவிலக்கு என்று ஹாயெக் சார்பினர் கூறக்கூடும். மாணவரின் கவனம் இன்று வாங்கி விற்கப்படும் சந்தையும் அத்தகைய நிலையிலேயே இருக்கிறது. இணையத் தேடலில் கூகுள் தன் முற்றுரிமையைச் சட்டத்துக்கு மாறான வழிகளால் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடன் சுதந்திரத்தைப் பெருக்குகிறது என்பது மாணவரின் பையை நேரடியாகத் தொடும் கூற்று. வட்டியில்லாத் தவணை என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. செலவில்லாத் தவணை என்னும் புதிய பெயரில் அது தொடர்கிறது. அதன் இயக்கம் எளிது: 30,000 ரூபாய்க் கைப்பேசிக்குக் கடன் அட்டையில் 12 மாதத் தவணை, ஆண்டு வட்டி 15 விழுக்காடு என்று கொண்டால், ஏறத்தாழ 2,300 ரூபாய் வட்டியை விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துக் காட்டுகிறார், வங்கியோ அந்த வட்டியை மாதந்தோறும் வசூலிப்பதோடு அதன்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்க்கிறது. 400 ரூபாய்க்கு மேல் வரும் அவ்வரியும் செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழுகின்றன. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியை இழப்பது தனிக்கணக்கு. கடன் அட்டை கிடைக்காத மாணவருக்குச் செயலிகள் காத்திருந்தன. 2021-இல் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு கண்டறிந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் ஏறத்தாழ 600 சட்டத்துக்குப் புறம்பானவை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறைகள் வெளியிட நேர்ந்ததே, இச்சந்தையில் கடன் பெறுபவர் அரசராக நடத்தப்படவில்லை என்பதற்குச் சான்று.

எஞ்சியிருப்பது, பிடிக்காவிட்டால் விலகலாம் என்னும் ஆறுதல். வகுப்பு மாற்றமும் தேர்வு அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவில் வரும் கல்லூரியில் கைப்பேசியை அணைத்துவைப்பது எத்தனை மாணவருக்கு இயலும் என்பது இருக்கட்டும். விலகும் வழியே திட்டமிட்டு மறைக்கப்படுவதை அரசே ஏற்றுக்கொண்டுள்ளது. பயனரை ஏமாற்றும்படி அமைக்கப்படும் திரை வடிவமைப்புகளை ‘இருள் உத்திகள்’ எனலாம்: கூடையில் கேட்காத பொருளைச் சேர்ப்பது, போலி அவசரம் காட்டுவது, சந்தாவை நீக்கும் பொத்தானை ஒளிப்பது முதலானவை. இத்தகைய 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடைசெய்தது. புதிய ஊடகம் எளியவருக்கும் குரல் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. மேலே சொன்ன போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவை முதலில் பரவலாகப் பேசவைத்தது 2023-இல் தனிமனிதர் ஒருவர் வெளியிட்ட காணொளியே. ஆனால் நிறுவனத்தின் வழக்கறிஞர் அறிவிப்பு வந்ததும் அவர் அதை நீக்கி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இக்கூற்றின் ஆதரவாளர்கள் இறுதியாக வயதைக் காட்டுவார்கள்: மாணவர் குழந்தை அல்லர், அவருக்குப் பாதுகாப்பு எதற்கு என்பார்கள். குழந்தைகளுக்கு விளம்பரத்திலிருந்து காப்புத் தேவை என்பதைப் பல நாடுகள் ஏற்கின்றன. 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரத்துக்குக் கனடாவின் கியூபெக் மாநிலம் விதித்த தடையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-இல் உறுதி செய்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரின் நடத்தையைக் கண்காணித்து அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. எனவே கல்லூரியின் முதலாண்டில் ஏதோ ஒரு நாள் வரை அத்தகைய விளம்பரத்தை எதிர்கொள்ள இயலாதவர் என்று சட்டம் கருதும் ஒருவர், அதற்கு மறுநாள், அதே கைப்பேசியோடும் வீட்டிலிருந்து வரும் அதே பணத்தோடும், தன்னுரிமை முழுதும் கைவரப்பெற்ற நுகர்வோராகிவிடுகிறார்; அந்த ஓரிரவில் அவரிடம் எது மாறியது என்பதை நுகர்வோர் இறையாண்மை பேசுவோரே விளக்க வேண்டும்.