பார்க்காதவர் கூண்டில் ஏற வேண்டியதில்லை

ஷோலே நான் பார்த்ததில்லை. பங்காரத மனுஷ்ய பார்த்ததில்லை. கேஜிஎஃப் இரண்டு பாகமும் பார்த்ததில்லை. கட்டப்பா ஏன் பாகுபலியை முதுகில் குத்தினார் என்று 2015 முதல் 2017 வரை ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. முதல் பாகமே பார்க்காத எனக்கு அந்தக் கவலை வரவில்லை.

இதையெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. "திட்டாதீங்க, நான் இன்னும் நாயகன் பார்க்கலை" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் இளைஞர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேட்பவர், நாற்பது வயதாகியும் கல்யாணமாகாதவரைப் பார்க்கும் அதே இரக்கத்தோடு பார்க்கிறார். "இன்னுமா பார்க்கலை?" என்கிறார். வெற்றிப்படம் என்றால் எல்லாரும் பார்த்த படம், பார்க்காதவர் எங்கோ விட்டுப்போனவர் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. இந்த நம்பிக்கை பொய். கணக்கிலும் பொய், நடப்பிலும் பொய்.

முதலில் கணக்கு. 1971 சென்சஸ்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 4 கோடியே 12 லட்சம். அந்தக் காலத்துப் படம் ஒன்று பத்துத் தியேட்டரில் நூறு நாள் ஓடியதாக வைத்துக்கொள்வோம். தியேட்டருக்கு 800 இருக்கை, தினம் 3 காட்சி, எல்லாக் காட்சியும் ஹவுஸ்ஃபுல் என்று தாராளமாகவே போடுகிறேன். மொத்தம் 24 லட்சம் டிக்கெட். நூற்றுக்கு ஆறு பேர். பி சென்டர், சி சென்டர், டூரிங் கொட்டகை எல்லாவற்றையும் சேர்த்து நாலு மடங்காக்கினாலும் நூற்றுக்கு இருபத்து நாலைத் தாண்டாது. அதிலும் ஒரே ரசிகர் பத்துத் தடவை, இருபது தடவை பார்த்த கதைகளைத்தான் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வெள்ளிவிழா என்பது நாட்களின் எண்ணிக்கை, தலைகளின் எண்ணிக்கை அல்ல.

இன்றைக்கும் இதே கதைதான். பாகுபலி இரண்டாம் பாகம் உள்நாட்டில் மட்டும் ஆயிரம் கோடிக்கு மேல் வசூலித்தது. டிக்கெட்டுக்குச் சராசரி நூறு ரூபாய் வைத்தால் பத்துக் கோடிச் சொச்சம் டிக்கெட். நாட்டின் ஜனத்தொகை அப்போது சுமார் 130 கோடி. பிறகு டிவியில் போட்டார்கள், செல்போனில் வந்தது என்பீர்கள். சரி, சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தவர்தான் சிறுபான்மை. சிறுபான்மை உட்கார்ந்து பெரும்பான்மையை விசாரணை செய்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

நடப்பு எப்படிப் பொய் என்பதற்கு கொள்ளேகாலில் வந்து உட்கார வேண்டும். இந்த ஊர் 1956 வரை சென்னை ராஜ்யத்தில் கோயம்புத்தூர் மாவட்டம். அந்த வருஷம் நவம்பர் 1 முதல் மைசூர். 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மேலே இருந்த போர்டுதான் மாறிக்கொண்டே வந்தது. இங்கே தமிழ் பேசுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இரண்டு நீதிமன்றம். சத்தியமங்கலம் பக்கத்துச் சொந்தக்காரர்கள், "என்னப்பா, நாயகன் பார்க்காத ஆளா நீ?" என்பார்கள். டீக்கடையில் கன்னட நண்பர், "ஏன் ஸார், பங்காரத மனுஷ்ய நோடில்வா?" என்று டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். இருவருமே "எல்லாரும் பார்த்த படம்" என்கிறார்கள். முன்னவருடைய ‘எல்லாரும்’ திம்பம் மலையோடு நின்றுபோகிறது. பின்னவருடைய ‘எல்லாரும்’ மலைக்கு இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது.

பங்காரத மனுஷ்யவில் நடித்த ராஜ்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பூர்வீகம் தாளவாடிப் பக்கம் காஜனூர். அவர் பிறந்தபோது தாளவாடியும் கொள்ளேகாலும் ஒரே கோயம்புத்தூர் மாவட்டம். 1956-ல் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. தாளவாடி அங்கேயே நின்று இன்றைக்கு ஈரோடு மாவட்டமாக இருக்கிறது. ஆக, கன்னடத்தின் மிகப் பெரிய நட்சத்திரத்தின் சொந்த ஊர் தமிழ்நாட்டில். இருநூறுக்கு மேற்பட்ட படங்கள், 1995-க்கான தாதாசாகேப் பால்கே விருது. 1972-ல் வந்த பங்காரத மனுஷ்ய பெங்களூர் ஸ்டேட்ஸ் தியேட்டரில் இரண்டு வருஷம் ஓடியது. பட்டணத்தை விட்டு நிலத்துக்குத் திரும்புகிற கதை. அதைப் பார்த்துவிட்டுப் படித்த பிள்ளைகள் சிலர் ஏர் பிடிக்கப் போனதாக இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள்? பார்க்கவில்லையே என்று யாராவது ஒருவர் கூச்சப்பட்டு நான் கேட்டதில்லை. தமிழர்களுக்கு ராஜ்குமார் என்றால் 2000 ஜூலை 30 இரவு, காஜனூர் வீடு, சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் தூக்கிப்போனது, 108 நாள். அவ்வளவுதான். அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டு மகத்தான படத்தைப் பார்க்காமல் நிம்மதியாக இருப்பவருக்கு, நாயகனைப் பார்க்காத பையனை நிற்கவைத்துக் கேள்வி கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

கன்னடப் பக்கம் இன்னொரு விசித்திரம் உண்டு. வேற்றுமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்யக் கூடாது என்று அறுபதுகளிலிருந்து திரையுலகமே கட்டுப்பாடு வைத்திருந்தது. 2015-ல் போட்டி ஆணையம் அது தவறு என்றது. 2017-ல் அஜித்தின் என்னை அறிந்தால், சத்யதேவ் ஐபிஎஸ் என்று கன்னடம் பேசியபோது அதற்கும் எதிர்ப்புதான். ஆகவே கன்னடம் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டிக்கு அரை நூற்றாண்டாக எம்.ஜி.ஆரும் அமிதாப்பும் புரிகிற மொழியில் கிடைக்கவில்லை. இதில் அந்தப் பாட்டி செய்த குற்றம் என்ன? கொள்ளேகாலிலிருந்து மலைப்பக்கம் போனால் ஒடெயர்பாளையத்தில் திபெத்திய அகதிகள் குடியிருப்பு இருக்கிறது. எழுபதுகளில் வந்து காட்டைத் திருத்தி மக்காச்சோளம் போட்டவர்கள். அங்கே போய் ஒரு முதியவரிடம் "இன்னுமா பார்க்கலை?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

இனி, பார்ப்பது என்று எதைச் சொல்கிறோம்? 1984-ல் விதி வந்தது. அதன் கோர்ட் சீன் வசனம் கேசட்டாக வந்து கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லா மைக்செட்டிலும் ஓடியது. படத்தைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம் என்பேன். அதற்கு முன்பே பராசக்தியும் கட்டபொம்மனும் திருவிளையாடலும் இசைத்தட்டில் ஏறி அப்படித்தான் வீடு வீடாக வந்தன. வானொலி ஒலிச்சித்திரம் ஒரு மணி நேரத்தில் முழுப்படத்தையும் காதுக்குள் போட்டது. ஷோலேக்கே பாட்டுத்தட்டு போக வசனத்தட்டு தனியாக வந்து பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் படம் எடுத்த ராமநகரத்துப் பாறைகள் இங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம். பாறைகளைப் பார்த்திருக்கிறேன், கப்பர் சிங்கின் குரலைக் கேட்டிருக்கிறேன், படம் பார்க்கவில்லை. இது எந்தப் பிரிவின் கீழ் குற்றம் என்று தெரியவில்லை.

ஃபிலிம் காலத்து ஆபரேட்டரைக் கேட்டால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். ஆயிரம் அடி ரீல் ஓடி முடிய பதினோரு நிமிடம். இரண்டு ரீலைச் சேர்த்து ஒட்டினால் இருபத்திரண்டு. ஒரு புரொஜக்டர் ஓடும்போதே அடுத்ததில் ரீலைக் கோத்து, கார்பன் குச்சிகளை முட்டவைத்துப் பற்றவைத்து, குச்சி தேயத் தேயத் தள்ளிக்கொடுத்து இடைவெளியைச் சரிசெய்துகொண்டே, சுவரில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகத் திரையின் வலதுபக்க மூலையைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு புள்ளி வரும். வந்ததும் மாற்ற வேண்டும். ஓடின ரீலைச் சுற்றி வைக்க வேண்டும். ஒரே பிரிண்ட் இரண்டு கொட்டகைக்கு என்றால், முடிந்த பெட்டியைச் சைக்கிள்காரரிடம் கொடுத்து அனுப்பவும் வேண்டும். முன்னூறு காட்சி ஓட்டியவர், ஆனால் கதாநாயகி அழுகிற இடத்தில் அவர் கண் எப்போதும் கார்பன் மேல். அவர் படம் பார்த்தவரா, பார்க்காதவரா?

அதே மாதிரி, ராஜ்குமாரின் கஸ்தூரி நிவாசத்தை 1975-ல் சிவாஜி நடிக்க அவன்தான் மனிதன் ஆக்கினார்கள். அவன்தான் மனிதன் பார்த்த தமிழர், கஸ்தூரி நிவாசத்தைப் பாதி பார்த்தவரா? பார்த்தவர் பட்டியலும் பார்க்காதவர் பட்டியலும் நாம் நினைக்கிற மாதிரி நேர்க்கோட்டில் பிரிவதில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். விமர்சனம் எழுதுகிறவர் பார்க்காமல் எழுதினால் அது மோசடி. பார்க்காத படத்தைத் தடை செய்யச் சொல்லிப் போஸ்டரைக் கிழிப்பவர் அதைவிட மோசம். அவர்களைக் கூண்டில் ஏற்றுங்கள், நானும் சாட்சி சொல்ல வருகிறேன். ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை. சும்மா இருப்பவனைத்தான் பிடிக்கிறார்கள்.

இங்கிலாந்து நாவலாசிரியர் டேவிட் லாட்ஜ், 1975-ல் வந்த தன் நாவலொன்றில் ஒரு விளையாட்டை வைத்தார். நீங்கள் படிக்காத, மற்றவர்கள் எல்லாரும் படித்த புத்தகத்தைச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் படித்திருக்கிறார்களோ அத்தனை மதிப்பெண். ஜெயிப்பதற்காக ஓர் ஆங்கிலப் பேராசிரியர் ஹாம்லெட் படித்ததில்லை என்று கத்திவிடுகிறார். ஜெயிக்கிறார், வேலை போகிறது. நம்மூர் ஒப்புதல்களிலும் இந்த விளையாட்டு கலந்திருக்கிறது. வெட்கப்படுவது போலச் சொல்பவர்களில் பாதிப்பேர் உள்ளுக்குள் பெருமைப்படுகிறார்கள். "நான் இந்த மசாலாவெல்லாம் பார்க்கிறதில்லீங்க" என்று மூக்கை உயர்த்துபவரும் அதே ஜாதிதான். படம் பார்ப்பதை வைத்து ஆளை எடைபோடலாம் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, தராசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பெருமையும் வேண்டாம். நல்ல படம் வந்தால் போவேன். அன்றைக்கு உடம்பு முடியவில்லை, பஸ் இல்லை, காசு இல்லை, மனசில்லை என்றால் போகமாட்டேன். அநேகம் பேர் படம் பார்க்காததற்குக் காரணம் இவற்றில் ஒன்றுதான். வீட்டில் அனுப்பாததால் பார்க்காத பெண்களின் தொகையைத் தனியாக எண்ண வேண்டும்.

இந்த நம்பிக்கை செய்கிற உண்மையான கெடுதல் வேறு. படத்தைப் பார்த்தால் விஷயத்தைப் பார்த்த மாதிரி என்று அது நினைக்கவைக்கிறது. கேஜிஎஃப் பார்க்காததற்கு என்னைக் கடிந்துகொண்டவர்கள் பலர். கேஜிஎஃப் என்றால் கோலார் தங்கவயல். அந்தச் சுரங்கத்துக்கு 1902-ல் மின்சாரம் எங்கிருந்து போனது தெரியுமா? கொள்ளேகாலுக்குப் பக்கத்துச் சிவனசமுத்திரத்திலிருந்து. காவிரி விழுகிற விசையில் எடுத்து, சுமார் 90 மைல் கம்பியில் கொண்டுபோனார்கள். பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். நுரையீரலில் கல்தூசி ஏறிச் செத்தவர்கள் அவர்களில் ஏராளம். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். இதெல்லாம் படத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, நான்தான் பார்க்கவில்லையே. ஆனால் பார்த்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் இதைப் பேசியதில்லை.

நான் பார்த்த படத்திலும் இதே கதைதான். கேப்டன் பிரபாகரன் நான் பார்த்தது. விஜயகாந்தின் நூறாவது படம், 1991 ஏப்ரலில் வந்தது. மன்சூர் அலி கானின் வீரபத்ரன்தான் தமிழ்நாட்டில் பல பேருக்கு முதலில் தெரிந்த வீரப்பன். நிஜ ஆளின் படங்கள் நக்கீரன் பத்திரிகையில் வந்தது அதற்குப் பின்னால். அவன் ஊரான கோபிநத்தம் அப்போது கொள்ளேகால் தாலுகா. படம் வந்து ஏழு மாதம் கழித்து, அந்த ஊரில் கோயில் கட்டிக்கொடுத்து ஜனங்களிடம் பேசிப்பார்த்த வன அதிகாரி ஸ்ரீனிவாஸை, சரணடைகிறேன் என்று வரவழைத்துத் தலையை வெட்டினான் வீரப்பன். அதன்பிறகு அதிரடிப்படையின் வேட்டை தீவிரமானது. மாதேஸ்வரன் மலை முகாமில் அடைபட்டுச் சித்திரவதைப்பட்டவர்களுக்காக, பிற்காலத்தில் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு வைத்து விசாரித்து, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தக் கிராமங்களில் இருக்கிறவர்களிடம், வீரப்பனைப் பற்றிய படமோ தொடரோ பார்க்கவில்லையா என்று ஆச்சரியப்படுகிற வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

கொள்ளேகாலுக்கும் இந்த மரியாதை உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னால் உடனே மண்டையோடு, குங்குமம், எலுமிச்சம்பழம். சினிமாவும் தொடர்கதையும் பத்திரிகை வரி விளம்பரமும் சேர்ந்து கட்டின ஊர் அது. பட்டுக்கூடு ஏலம் போகிற, மல்பெரி இலை மூட்டை சைக்கிளில் போகிற, பவானிக்கும் மைசூருக்கும் பஸ் மாறுகிற ஊர் யார் கண்ணிலும் படவில்லை. பில்லி சூனியம் எடுக்க வேண்டுமென்று சேலத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்து பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கிறார்கள், கையில் பணத்தோடு. வராதவர்கள் வராமலே தீர்ப்புச் சொல்கிறார்கள். "கொள்ளேகாலா? ஐயோ, ஜாக்கிரதை!" என்று சிரிக்கிறவர்களில் ஒருவர்கூட, "ஆனால் நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை, திட்டாதீங்க" என்று குரலைத் தாழ்த்தியதில்லை.