டேங்கர் கவிழ்ந்தால் இழப்பீடு யார் தருவது? சட்டம் இருக்கு, சொல்லத்தான் ஆளில்லை!

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி சாலையை விட்டுத் திரும்பினால், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, நடுநடுவே பெட்ரோல், டீசல் டேங்கர்கள். அதில் ஒன்று கவிழ்ந்து எண்ணெய் கொட்டினால், பைக்கில் ஷிஃப்ட்டுக்குப் போனவருக்கும் சாலையோரக் கடைக்காரருக்கும் யார் பதில் சொல்வது?

'டிரைவர் மேல தப்பு இருந்தாத்தானே காசு?' என்பதுதான் பலரின் நினைப்பு. அப்படி இல்லை.

4 மணி நேரம் கழித்து வெடித்த டேங்கர்

1987 அக்டோபர் 29. மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில், அதிகாலை 3 மணிக்கு லாரியுடன் மோதிய பெட்ரோல் டேங்கர் சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. பெட்ரோல் கசிந்து தேங்கியது, ஆட்கள் கூடினார்கள். காலை 7.15-க்கு வெடித்ததில் சிலர் உயிரிழந்தனர். விபத்து அப்போதே முடிந்துவிட்டது, வெடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தப்பு யாருடையது என்று பார்க்காமலே இழப்பீடு உண்டு என்றது.

இன்று என்ன கிடைக்கும்?

அன்று அந்தத் தொகை 15,000 ரூபாய். இன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில், உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம்.

இன்னொரு வழியும் இருக்கு. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கு, வழக்கமான இன்சூரன்ஸோடு 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி தனி பாலிசியும் கட்டாயம். சொத்து சேதத்துக்கும் இதில் நிவாரணம் உண்டு. 5 ஆண்டுக்குள் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். வண்டி கவிழ்ந்தது சிங்கப்பெருமாள் கோவில் என்றால் செங்கல்பட்டு கலெக்டர், ஒரகடம் என்றால் காஞ்சிபுரம் கலெக்டர். கிணறு, ஏரி கெட்டால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

இதைச் சொல்வது யார் வேலை?

அதையும் அதே சட்டம் சொல்கிறது. விபத்து தெரியவந்ததும் கலெக்டரே அதை உறுதி செய்து, 'பாதிக்கப்பட்டவர்கள் மனு கொடுங்கள்' என்று அறிவிக்க வேண்டும். ஆனால் டேங்கர் கவிழ்ந்த செய்தியெல்லாம் 'போக்குவரத்து பாதிப்பு' என்பதோடு முடிந்துவிடுகிறது. கிரேன் வந்து வண்டியைத் தூக்கியதும் ஊரும் மறந்துவிடுகிறது.

சாலையில் மணல் கொட்டும்போதே பஞ்சாயத்து அலுவலகத்தில் அந்த அறிவிப்பும் ஒட்டப்பட வேண்டும். போலீஸும் இரண்டு பாலிசி எண்களையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். கேட்கத் தெரியாதவருக்கு, இருக்கிற இன்சூரன்ஸும் இல்லாததுதான்.