இடுப்பில் ஆயுதம், உறையைப் பற்றிக் கவலை இல்லையா?

அமெரிக்காவில் இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், லைசென்ஸ் எதுவும் இல்லாமலே உடைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடமாடலாம். டெக்ஸாஸ் 2021-ல் இதற்கு வழிவிட்டது. தக்க காரணம் காட்டினால்தான் லைசென்ஸ் என்று நியூயார்க் நெடுங்காலமாக வைத்திருந்த விதியை, 2022 ஜூனில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது.

இது சரியா, தவறா என்ற வாதம் நடக்கட்டும். ஆனால் ஆயுதம் இடுப்பில் ஏறிவிட்டது. லைசென்ஸை எடுத்த சர்க்கார்கள், அதோடு சேர்ந்திருந்த கட்டாயப் பயிற்சியையும் எடுத்துவிட்டன. அப்படியானால் ஆயுதத்தை எப்படிச் சுமப்பது என்று சாதாரண மனிதனுக்கு யார் சொல்லித் தருவது? கடைக்காரனின் விளம்பரமா?

விளம்பரம் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: “மெல்லியது, மிருதுவானது, போட்டிருப்பதே தெரியாது!” சுகம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சுகம் அவசியம். உறுத்தும் உறையை எவனும் நாள் முழுதும் கட்டியிருக்க மாட்டான். கழற்றிக் காரில் போடுவான்; அது திருடன் கைக்குப் போகும். பையில் போடுவான், அது குழந்தையின் கைக்குப் போகும்.

இது கற்பனையல்ல. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், இரண்டு வயதுப் பாலகன் தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்தான். அது வெடித்தது. தாய் மாண்டார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையுடன் செய்து விற்கப்பட்ட பை அது!

உறையே இல்லாவிட்டால்? 2008 நவம்பரில் பிளாக்ஸிகோ பரெஸ் என்ற பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர், துப்பாக்கியை வெறுமனே இடுப்பில் செருகிக்கொண்டு நியூயார்க் கேளிக்கை விடுதிக்குப் போனார். அது நழுவியது; குண்டு அவர் தொடையையே துளைத்தது. அந்த மாநிலத்து லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்ததற்காக 2009-ல் இரண்டாண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது.

ஆகவே, வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விசை. கெட்டியான பொருள் அதை முழுக்க மூடியிருக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் மடங்காமல் திறந்தே நிற்க வேண்டும். நைந்துபோன தோலின் மடிப்பு விசைக்குள் புகுந்து அழுத்தினால் குண்டு பாய்ந்துவிடும். குனிந்தாலும் ஓடினாலும் ஆயுதம் நழுவக் கூடாது.

இவை சரியாக இருந்தால்தான் சுகத்தைப் பற்றிப் பேசலாம். குண்டு நிரப்பிய கிளாக் 19 சுமார் 850 கிராம். தொளதொளத்த பெல்ட் இதைத் தாங்காது. விறைப்பான பெல்ட்டே பாதி வலியைப் போக்கும். நாள் முழுதும் வண்டி ஓட்டுகிறவருக்கு இடுப்பின் பின்புறம் ஆகாது, ஆசனம் அழுத்தும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவருக்கு முன்புறம் வயிற்றைக் குத்தும். சாய்வை மாற்றிப் பொருத்தக்கூடிய உறையே இரு சாராருக்கும் நல்லது. குண்டுகளை அகற்றிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து, குனிந்து, படியேறிப் பார்த்த பிறகே வெளியே கட்டிச் செல்ல வேண்டும்.

எந்த உறையும் எல்லா மரணத்தையும் தடுத்துவிடாது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் பூட்டும் வேண்டும், ஊரில் சட்டமும் வேண்டும். ஆனால் தடுக்கக்கூடிய மரணத்தையும் தடுக்காமல் விடுவது என்ன நியாயம்?

மறைத்துச் சுமக்க அனுமதிக்கிற சர்க்கார், சுமக்கும் முறையையும் கட்டாயமாகக் கற்றுத் தர வேண்டும். அது வரும்வரை, சுமக்கிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உறை உறுத்தினால் உறையை மாற்றுங்கள், துப்பாக்கியைப் பைக்கு மாற்றாதீர்கள்!