புறாவும் பரிசுப் பெட்டியும்

நாமக்கல் பண்ணைக் கோழிகளைக் கவனித்திருக்கிறீர்களா? தொட்டியில் தீவனம் இருக்கும். வயிறு நிறைந்ததும் கோழி விலகிவிடும். எந்தக் கொத்துக்கு இரை விழும் என்று தெரியாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு இதைச் சோதித்தார். இரை விழும் கொத்தை அவர் மாற்றிக்கொண்டே இருந்தபோது, புறாக்கள் விடாமல் வேகமாகக் கொத்தின!

கைபேசி விளையாட்டுகள் காசு சேர்க்கும் வழிகள் பல. சிலவற்றை விலைக்கு வாங்குகிறோம். விலையைப் பார்த்து யோசிக்கிறோம். சில இலவசம்; இடையே வரும் விளம்பரத்தைச் சகித்துக்கொள்கிறோம். இன்னும் சிலவற்றில் பரிசுப் பெட்டி உண்டு. உள்ளே இருப்பது தெரியாததால், 'அடுத்த பெட்டியில் கிடைக்கும்' என்று மனம் தூண்டுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பெட்டியின் விலை 10 ரூபாய். அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 100-இல் 1 என்று கொள்வோம். 100 பெட்டிகள் வாங்கினால் கட்டாயம் கிடைக்குமா? கிடைக்காது. 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.37. அதாவது, ஆளுக்கு 1000 ரூபாய் செலவிட்ட 100 பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள்.

லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது. காசுக்கு விற்கும் பரிசுப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. பெரியவர்களுக்கே ஆகாது என்று விலக்கியதைச் சிறுவர்களிடம் விற்பது முறையா? கூடாது என்பதே என் கருத்து.

விளையாடுங்கள், தவறில்லை. பெட்டியைத் தொடுமுன் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள்!