படுத்தால்தான் செல்லும் கார்டு

மருத்துவக் காப்பீட்டைச் சீர்திருத்துவது பற்றி யார் பேசினாலும் அரசாங்கத்துக்கு எத்தனை கோடி செலவு, எத்தனை லட்சம் குடும்பத்துக்கு நன்மை என்றே பேசுகிறார்கள். தராசின் ஒரு தட்டில் கோடிகள், மறு தட்டில் குடும்பங்கள். எங்கள் கையை விட்டுப் போன காசை எந்தத் தட்டில் வைத்தார்கள்? வயிறு எரிந்துதான் கேட்கிறேன்.

நான் பாவூர்சத்திரம் பக்கத்தில் பீடி சுற்றுகிறவள். என் அத்தையும் பீடி சுற்றியவர்கள், அத்தையைப் பெற்றவர்களும் அப்படியே. வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். கடையநல்லூர், ஆலங்குளம், சுரண்டை என்று எங்கள் மாவட்டத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாலு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். குனிந்த முதுகு, இலை வெட்டிக் காய்த்த விரல், மூக்கில் ஏறும் தூள். இருபது வயதில் உட்கார்ந்தவளுக்கு நாற்பது வயதில் என்ன வரும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த நோய்க்கு நாங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறோம். 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிக்குச் சட்டம் வந்தது. பீடிக்கு வரி பிடித்து, அந்தக் காசைச் சுற்றுகிறவர்களின் வைத்தியத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் செலவழிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கடைசியாக ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் பிடித்தார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி, எங்கள் பக்கத்து மருந்தகங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை ஒரே அடியாக எடுத்துவிட்டார்கள். பீடிக்கு 28 சதவீதம் புதிதாகப் போட்டார்கள். அதில் எங்கள் வைத்தியத்துக்கென்று பிரித்து வைத்த பைசா கிடையாது. இப்போது அதை 18 ஆகக் குறைத்திருக்கிறார்கள். குறைந்தாலும் கூடினாலும் எங்கள் நிதி திரும்பி வரவில்லை. கேட்டால், “அதான் கார்டு இருக்குல்லா” என்கிறார்கள்.

கார்டு இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீடாக வந்தது. ஆட்சி மாறி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீடாக மறுபடி வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. முதலில் ஒரு லட்சம் என்றது இப்போது 5 லட்சம். ஒவ்வொரு தடவையும் புதுப் படம், புது மேடை. உள்ளே இருக்கிற விதி மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கார்டு செல்லும்.

அத்தைக்கு நெஞ்சுச்சளி. ராத்திரி முழுக்க இருமல், விடியற்காலையில் மூச்சு இழுக்கும். நாற்பது வருடம் தூளை முகர்ந்ததற்குக் கிடைத்த கூலி அது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். நாங்கள் போகிற இடத்தில் சில மாதம் இருக்கும், சில மாதம் “ஸ்டாக் இல்லம்மா, வெளியில வாங்கிக்கோங்க” என்பார்கள். வெளியில் வாங்கினால் என் பல நாள் கூலி அதோடு சரி. கார்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். “அட்மிட் ஆனாத்தான் கார்டு. இருமலுக்கெல்லாம் வராது.”

அப்படியானால் அத்தை எப்போது நோயாளி ஆவார்கள்? மருந்து வாங்க வழியில்லாமல் விட்டு, மூச்சு அடங்கி, அவசர வார்டில் கிடத்தி, மூக்கில் குழாய் வைத்த பிறகா? அப்போது ஆயிரக்கணக்கில் கொடுக்க முன்வருகிற திட்டம், அதற்கு முன்னால் மாதம் சில நூறு ரூபாய் கொடுத்திருந்தால் அவர்கள் படுத்திருக்கவே மாட்டார்களே! செலவை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதைக்கூடவா கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை?

படுத்தால்தான் காசு என்று விதி வைத்தால், படுக்க வைக்கிறவர்களும் வருவார்கள். 2012-ல் சத்தீஸ்கரில் வெளியே வந்ததே! ஏழைகளுக்கான காப்பீட்டு அட்டையில் பணம் எடுப்பதற்காக, தேவையில்லாமல் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்த தனியார் ஆஸ்பத்திரிகள். வயிற்று வலி என்று போனவர்கள் அவர்கள். அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம், முதுகுவலி, அடிவயிற்று வலி என்று சொல்லிக்கொண்டே பீடி சுற்றும் என் தெருப் பெண்கள்தான் எனக்குக் கண்ணில் வருகிறார்கள்.

கார்டால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கார்டும் ஒரு காரணம். ஐந்தருவி ஸ்டாண்டில், நல்ல சீசனில், சாரல் விழுந்துகொண்டிருந்த சனிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருந்த டிரைவர்கள்தான் தென்காசிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே உடனே பார்த்து, இ.சி.ஜி. எடுத்து, மாத்திரை கொடுத்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நெஞ்சு அடைத்த மனுஷனை வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போவது எப்படி இருக்கும் என்று ஆலங்குளம் தாண்டும்போது நான் தெரிந்துகொண்டேன். 2019 நவம்பரில் தென்காசியைத் தனி மாவட்டமாக்கினார்கள், பட்டாசு வெடித்தோம். அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் ஒன்றாகத்தான் இன்னும் இருக்கிறோம்.

கார்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் கொழுந்தன் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடச் சொன்னான். கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்ரூவல் வரணும். அதுக்குள்ள டெஸ்டுக்கும் மருந்துக்கும் பணம் கட்டிருங்க” என்றாள். கட்டினோம். மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினோம். அப்புறம் இன்னொருவர் வந்தார். கார்டில் வருகிற ஸ்டென்ட் சாதாரணமானதாம், நல்லது வைக்க வேண்டுமென்றால் வித்தியாசத்தை நாங்கள் கட்ட வேண்டுமாம். உள்ளே மனுஷன் கிடக்கும்போது “சாதாரணமே போதும்” என்று சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கு வாய் வரும்? 2017 பிப்ரவரியிலேயே ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்சவிலை வைத்துவிட்டது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி, திட்டத்துக்குள் வரும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு படித்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கவுன்ட்டருக்கு மேலே இதை எழுதிப் போட்டிருந்தால் நான் வாசித்திருப்பேனே, எனக்கு எழுத்துத் தெரியும்!

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு தாளை நீட்டினார்கள். சிகிச்சை திருப்தி, பணம் எதுவும் வாங்கவில்லை என்று அதில் அச்சடித்திருந்தது. “கட்டியிருக்கோமே” என்றேன். “இதுல கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைல் முடியும், ஃபைல் முடிஞ்சாத்தான் வீட்டுக்குப் போகலாம்.” கொழுந்தன் என் காதருகே, “மதினி, போட்டுட்டு வாங்க, அண்ணனக் கூட்டிட்டுப் போவோம்” என்றான். போட்டேன். பிறகு புகார் எண்ணுக்குப் போன் செய்தபோது ரசீது கேட்டார்கள். எங்கள் கையில் முத்திரையில்லாத துண்டுச் சீட்டுகள். அவர்கள் கையில் என் கையெழுத்து.

இந்தக் காசு எந்தப் புள்ளிவிவரத்தில் வரும்? அரசாங்கப் பதிவில் என் வீட்டுக்காரர் செலவே இல்லாமல் பிழைத்தவர். மேடையில் வாசிக்கிற பயனாளிகள் எண்ணிக்கையில் அவரும் ஒருவர். குழுக் கடனுக்கு நான் வாரா வாரம் கட்டுவது எதிலும் இல்லை. ஆட்டோ தவணை நின்றதும், அந்த வருடச் சீசன் முழுக்கப் போனதும் இல்லை. குற்றாலத்தில் சீசனைத் தவறவிட்டவனுக்கு அடுத்த சாரல் வரைக்கும் என்ன வருமானம்? அருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டாலே ஸ்டாண்டு வெறிச்சென்று ஆகிவிடும் ஊர் அது.

அந்தச் சீசனை வைத்தே என் நாத்தனாருக்குக் கார்டு மறுத்தார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அவள் வீட்டுக்காரர் அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்கிறவர். ஜூலையில் விசாரித்து, அந்த மாத வரும்படியைப் பன்னிரண்டால் பெருக்கிச் சான்றிதழ் எழுதிவிட்டார்கள். பங்குனி, சித்திரையில் வந்து பாறை காய்ந்து கிடப்பதைப் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா? அலைந்து திரிந்து திருத்தி வாங்குவதற்குள் அவள் பிள்ளைக்கு ஆபரேஷன் கடன் வாங்கியே முடிந்துவிட்டது.

எங்களிடம் மட்டும்தான் இத்தனை சான்று, இத்தனை முத்திரை. 2023-ல் மத்திய தணிக்கை அதிகாரி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தணிக்கை செய்து வெளியிட்ட அறிக்கையில், ஒரே ஒரு செல்போன் எண்ணில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள் இருந்தது தெரிந்தது. இறந்துபோனதாகப் பதிவானவர்களின் பெயரில் பிறகும் சிகிச்சை நடந்திருக்கிறது. செத்தவருக்குச் செல்கிற கார்டு, உயிரோடிருக்கிற என் அத்தையின் இருமலுக்குச் செல்லாது.

சொந்தக் காசில் பாலிசி வாங்குகிறவர்களுக்குச் சீர்திருத்தம் வேகமாகத்தான் வருகிறது. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், கட்டணமில்லா அனுமதிக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் கேட்டால் 3 மணி நேரத்தில் அனுமதி தர வேண்டும் என்று கட்டளை போட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது. நல்லது, அவர்களும் நோயாளிகள்தான். ஆனால் நாங்கள் பணத்தைக் கட்டிவிட்டு அப்ரூவலுக்குக் காத்துக்கிடந்த அந்த வராந்தாவில் இப்படி ஒரு கெடுவை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே.

காப்பீட்டுக்குக் கொடுக்கிற பணத்தை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் போதும் என்கிறார்கள் சிலர். காப்பீடு இல்லாவிட்டால் ஏழை பெரிய ஆஸ்பத்திரியின் வாசலை மிதித்திருக்க மாட்டான் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் வருடத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல் பிரீமியம் கொடுக்கிற மாநிலத்தில், தென்காசி நெஞ்சுவலிக்காரன் இன்னும் திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓடுகிறான் என்றால், அந்தப் பணம் எங்கள் பக்கம் ஒரு கட்டிலையாவது கூட்டியதா என்று கேட்பது தப்பா? தாய்லாந்தில் 2002-ல் சட்டம் போட்டு, இருமலுக்கும் ஆபரேஷனுக்கும் ஒரே ஏற்பாட்டில் வைத்தியம் கொடுத்தார்கள். அப்போது அதுவும் பணக்கார நாடு இல்லை. நம் ஊரிலேயே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருகிற தங்கச்சியைக் கையெடுத்துக் கும்பிடுவேன். படுக்காமலே ஒருவருக்கு வைத்தியம் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2022 ஜனவரியில் காப்பீட்டு நிறுவனத்தோடு அரசு போட்டது ஐந்தாண்டு ஒப்பந்தம். அடுத்த ஒப்பந்தத்தை எழுத உட்காருகிறவர்கள் ஒரு தடவை எங்கள் தெருவுக்கு வாருங்கள். அந்தத் தங்கச்சியின் பையில் இன்ஹேலரும் இருக்கட்டும். எது இலவசம் என்று ஒவ்வொரு கவுன்ட்டருக்கு மேலும் தமிழில் பெரிதாக எழுதுங்கள். பணம் வாங்கவில்லை என்ற கையெழுத்தை ஆஸ்பத்திரிக்குள் வைத்து வாங்காதீர்கள். நோயாளி வீடு திரும்பிய பிறகு ஆள் அனுப்பி, வாசலில் உட்கார்ந்து கேளுங்கள். சீசன் வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள். எடுத்துக்கொண்ட எங்கள் நல வரிக்கு ஈடாக, தென்காசியில் நெஞ்சு அடைப்பை அங்கேயே சரிசெய்கிற ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியைக் கட்டுங்கள். என்னிடம் வாங்கிய பணத்தை அந்த ஆஸ்பத்திரியிடமிருந்து திரும்ப வாங்கிக் கொடுங்கள். துண்டுச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.