உளவாளி விளையாட்டும் ஒரு பிரிண்ட் அவுட்டும்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலடிப்பேட்டையில் எங்கள் தெரு முனை ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "தம்பி, இது நீங்க விட்டுட்டுப் போனதா?"

தாளில் இருந்தது இதுதான்: "செவ்வாய் இரவு 2 மணி. எண்ணூர் ரோடு கேட். நீலக் கன்டெய்னர். காவலாளிக்குப் பணம் கொடுத்தாயிற்று. டிரைவரை முடித்துவிடு."

எனக்கு வியர்த்துவிட்டது. "அண்ணே, இது விளையாட்டு" என்றேன். அவர் நம்புவதற்கு அரை மணி நேரம் ஆனது. என் அப்பாவைப் பல வருடமாகத் தெரிந்தவர் என்பதால் தப்பித்தேன். வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால்?

அது என்ன விளையாட்டு என்று கேட்கிறீர்களா? கம்ப்யூட்டர் கேம் அல்ல. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், பகடையை உருட்டி அது முடிந்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். 1974ல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இதற்குப் பிள்ளையார் சுழி. அதே கம்பெனி 1980ல் 'டாப் சீக்ரெட்' என்ற உளவாளி விளையாட்டையும் வெளியிட்டது.

இதில் 'பொது உலகம்' என்று ஒரு வகை உண்டு. பல ஊர்களில் பல மேஜைகள், ஆனால் உலகம் ஒன்றே. ஒரு மேஜையில் நடந்தது மற்ற மேஜைகளுக்கும் நடந்ததாகவே கணக்கு. 2000 முதல் 2008 வரை நடந்த 'லிவிங் கிரேஹாக்' இப்படித்தான். கற்பனை உலகத்தின் ஒவ்வொரு பகுதியையும் நிஜ உலகத்தின் ஒரு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்களுடையது சின்ன அளவு. திருவொற்றியூரில் ஒரு மேஜை, ராயபுரத்தில் ஒரு மேஜை. இரண்டுக்கும் பொதுவாக கூகுள் டாக்ஸில் ஒரே ஃபைல். கதை நடப்பது இன்றைய காலத்தில், எங்கள் ஏரியாவில்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும் இதை ஒரு முறையாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்கிரீனைப் பார்த்தபடி தனியாக உட்காருவதை விட, நாலு பேர் முகத்தைப் பார்த்து ஆடுவது நல்லது. டைப்பிங்கும் வரும், ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் பழக்கமும் வரும். ஆனால் அந்த ஜெராக்ஸ் கடை விஷயத்துக்குப் பிறகு ஒன்று புரிந்தது. மேஜையில் இருக்கும்வரைதான் அது விளையாட்டு. தாளாகவோ லிங்க்காகவோ வெளியே போய்விட்டால், படிப்பவருக்கு அது வெறும் வாக்கியம். "இது கதை" என்று சொல்ல நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 'டாப் சீக்ரெட்' வெளிவரும் முன்பு சோதனை ஆட்டத்தில் எழுதிய ஒரு கொலைத் திட்டக் குறிப்பு வெளியே போய், எஃப்.பி.ஐ. அந்தக் கம்பெனிக்கே விசாரிக்க வந்த கதை பிரபலம். 1990 மார்ச் 1ல் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தில் சோதனை போட்டது. சந்தேகம் அங்கே வேலை பார்த்த ஒருவர் மேல். ஆனால் அள்ளிக்கொண்டு போன கம்ப்யூட்டர்களோடு, அச்சுக்குத் தயாராக இருந்த 'கர்ப்ஸ் சைபர்பங்க்' என்ற விளையாட்டுப் புத்தகமும் போய்விட்டது. 1993ல் கோர்ட் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து 50,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நியாயம் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து!

நமக்கு அந்த மூன்று வருடம் தாங்குமா? எங்கள் மேஜையில் ஒரு நண்பன் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். எனக்கு விளக்கம் சொல்ல நேரம் இருக்கிறது. அவனுக்கு கேட் பாஸ்தான் சோறு. ஒரு வாரம் அதை நிறுத்தி வைத்தாலே வீட்டில் அடுப்பு எரியாது. தடை செய்யப்பட்ட இடங்களை, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் நோக்கில் வரைபடம் எடுப்பதைக் குற்றமாக்கும் அலுவல் ரகசியச் சட்டம் 1923 முதல் இருக்கிறது. நம் நோக்கம் அதுவல்ல. ஆனால் "என் நோக்கம் அதுவல்ல" என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து சொல்லும் நிலை எதற்கு?

அதற்காக விளையாட்டை விடச் சொல்லவில்லை. நாங்களும் விடவில்லை. மூன்று விஷயங்களை மாற்றினோம்.

முதலில், கூகுள் டாக்ஸில் 'ஷேர்' பட்டனைக் க்ளிக் செய்து பார்த்தேன். 'எனிஒன் வித் த லிங்க்' என்று இருந்தது. அதாவது லிங்க் கிடைத்த யாரும் படிக்கலாம். சாஃப்ட்வேர் இன்ஜினியர் நானே கவனிக்கவில்லை! உடனே 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றி, ஆடுபவர்களின் மெயில் ஐடிகளை மட்டும் சேர்த்தேன். உங்கள் ஃபைல்களையும் இன்றே பாருங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'இது கற்பனை விளையாட்டு' என்று ஹெடரில் போட்டோம். ஒரு முறை அடித்தால் போதும், எல்லாப் பக்கத்திலும் வந்துவிடும்.

மூன்றாவது, நிஜ கேட், நிஜ கம்பெனி, நிஜ ஆட்கள் பெயர் கிடையாது. போட்டோவும் கிடையாது. "அப்படின்னா நம்ம ஏரியா வாசனையே இருக்காதேடா" என்றான் ராயபுரம் நண்பன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடியற்காலை காசிமேட்டு மீன் ஏலமும், மணிக்கணக்கில் நிற்கும் டிரெய்லர் வரிசையும் கதையில் இருந்தால் போதாதா? கேட் நம்பரிலா வாசனை இருக்கிறது? பழைய வரலாறு வேறு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய் டாங்குகள் எரிந்த ஊர் இது. இப்போது எங்கள் உளவாளிகள் தேடுவது அந்த இரவில் காணாமல் போன ஒரு கற்பனை டைரியை.

ஜெராக்ஸ் கடைக்காரர் இப்போதும் பிரிண்ட் எடுத்துத் தருகிறார். ஆனால் தாள்களை எண்ணித்தான் கொடுக்கிறார். நானும் எண்ணித்தான் வாங்குகிறேன்.