இல்லறச் சிந்தனை: நாய்க்குட்டி வாங்குமுன்

தொலைநகரங்களில் வாழும் நம்மவரிடையே நாய் வளர்க்க விரும்புவோர் தொகை பெருகி வருகின்றது. தில்லியிலும் மும்பையிலும் நான்கு சுவர்களுக்குள் வளரும் நம் குழந்தைகளுக்குத் தாத்தா பாட்டியர் அருகில் இல்லை. ஓடியாட முற்றமும் இல்லை. அக்குறையை ஒரு நாய் ஓரளவு தீர்க்கும் என்று பெற்றோர் எண்ணுவதை நாம் குறைகூற மாட்டோம். அந்த நாய் எங்கிருந்து, யார் கையிலிருந்து வருகின்றது என்பதே நாம் இத்திங்கள் எடுத்துக்கொண்ட பொருள். ஒரு பட்டுச் சேலைக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகின்றவர்களும், பத்துப் பன்னிரண்டு ஆண்டு தம்மோடு வாழப்போகும் ஓர் உயிரைக் கைப்பேசியில் ஒரு படம் பார்த்து, முன்பணம் அனுப்பி வாங்கிவிடுகின்றார்கள்.

அப்படி வாங்கிய குடும்பமொன்றை நாம் அறிவோம். விற்றவர் தம் இல்லத்திற்கு வரச் சொல்லவில்லை. ஒரு கடைத்தெரு முனையில் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். ஐந்தாம் நாள் குட்டி உணவை மறுத்தது, பின்னர் வாந்தி, பின்னர்க் குருதி கலந்த கழிச்சல். இரண்டு இரவு மருந்துநீர் ஏற்றியும் பிழைக்கவில்லை. தாம் கொடுத்த பாலும் சோறுமே அதைக் கொன்றுவிட்டன என்று அவ்வீட்டு அம்மையார் நெடுநாள் வருந்தினார். உண்மை அதுவன்று. பார்வோ என்னும் அந்நோயின் நச்சுயிரி உடலிற் புகுந்து சில நாள் முதல் இரண்டு வாரம் வரை கழித்தே குறி காட்டும். பெரும்பாலும் குட்டி கைமாறும்போதே நோயும் உடன் வந்துவிடுகின்றது. விற்றவரோ அதற்குள் எண்ணை மாற்றிவிட்டார்.

ஆகவே, நாய்களை இனப்பெருக்கம் செய்து குட்டிகளை விற்பவரிடம், அதாவது பிரீடர் என்று வழங்கப்படுபவரிடம், முதன்முதலில் கேட்க வேண்டியது விலையன்று. குட்டியின் தாயைக் காட்டுமாறு கேட்க வேண்டும். “தாய் ஊரில் இருக்கின்றது”, “தாய்க்கு அயலார் ஆகாது” என்று சாக்குரைப்பவரிடம் மேலும் பேச வேண்டியதில்லை. குட்டி பிறந்த இடத்திற்கே சென்று பார்த்தல் வேண்டும். தரை காய்ந்திருக்கின்றதா? தாய் எலும்பும் தோலுமாகக் கிடக்கின்றதா, அல்லது வாலாட்டி வந்து நம்மை மோப்பம் பிடிக்கின்றதா? கூண்டுக்குள் நடுங்கும் தாயின் குட்டிகளும் பெரும்பாலும் அஞ்சி நடுங்குவனவாகவே வளரும். அச்சங்கொண்ட நாயே எளிதிற் கடிக்கும் என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் நினைவிற் கொள்க. தந்தை நாய் வேறோரிடத்தில் இருத்தல் கூடும், அதிற் குற்றமில்லை.

எட்டு வாரம் நிரம்பாத குட்டியை எவர் கொடுத்தாலும் வாங்கலாகாது. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் விளையாடும் அந்நாட்களிலேதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் பிறர்க்கு வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்கின்றது. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரை அது கண்டும் கேட்டும் பழகியவை அதன் வாழ்நாள் முழுதும் அதற்கு அச்சமற்றவையாகும். இப்பருவத்தின் முதற்பாதியை நாய் வளர்ப்பவர் வீட்டிலும் மறுபாதியை நம் வீட்டிலும் கழிக்கின்றது. ஆகையால் அதன் குணத்திற்கு இருவருமே பொறுப்பாளிகள்.

எட்டு வாரம் என்பது சட்டத்தின் சொல்லும் ஆகும். நாய் இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றிற்கென 2017-ஆம் ஆண்டில் நடுவண் அரசு விதிகள் வகுத்தது. இத்தொழில் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்திற் பதிவு பெறுதல் வேண்டும். 18 திங்கள் நிரம்பாத பெட்டையை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது. ஆண்டிற்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேலும் கூடாது. இவ்விதிகளுக்கு வேரான விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேறுவதற்கு மாநிலங்களவையில் முதற்குரல் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரே என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். அவரைப் பரதநாட்டியத்தோடு நிறுத்திவிடுகின்றோம்.

“கே. சி. ஐ. தாள் உண்டு” என்று சொல்லி விலையை ஏற்றுவோரிடம் சற்று எச்சரிக்கை தேவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் தரும் அச்சான்று குட்டியின் குலவரிசையைக் கூறும். அதன் உடல்நலத்தைக் கூறாது. அரசு வாரியப் பதிவும் இதுவும் வெவ்வேறு. தாளில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நன்று. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களாயின், பெற்ற நாய்களின் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததுண்டா என்று கேட்கலாம்; அவ்வூனம் பெற்றோர் வழியே இறங்குவது.

நம்மவர் பலர்க்கு நம் நாட்டு நாயே வேண்டும் என்ற ஆசை உண்டு. 2005-இல் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளுள் இராசபாளையமும் ஒன்று. 2020-இல் தலைமை அமைச்சர் வானொலியிற் பேசியபோது இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதன் பின்னர் இவற்றைத் தேடுவோரும் பெருகினர். கண்டபடி ஈனச்செய்து விற்போரும் பெருகினர். ஊர்ப்பாசம் ஒன்றையே கருதி இவற்றை வாங்குதல் தகாது. சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென வளர்ந்த ஓட்டக்கார நாய்கள். ஒன்பதாம் மாடியின் தாழ்வாரம் அவற்றிற்குப் போதாது. குறுமயிர்த் தோல் வடநாட்டு மார்கழிக் குளிரைத் தாங்காது. இராசபாளையம் நாயின் தூய வெண்ணிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளில் உடன்பிறக்கின்றது. கைதட்டிப் பார்த்தால் இரு காதும் கேளாத குட்டி தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாததைக் கண்டறிதல் அரிது. ஆதலால், இதற்கு முன் ஈன்ற குட்டிகளில் செவிடு உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு, அந்த இணையை அதன்பின் சேர்ப்பதில்லை என்று மறையாது சொல்பவரை நம்பலாம். எம்மிடம் அப்படி ஒன்றுமே பிறந்ததில்லை என்று அடித்துச் சொல்பவரை நாம் ஐயுறுகின்றோம்.

நல்ல வளர்ப்பாளரை அறிய மற்றோர் அடையாளம் உண்டு. நாம் கேட்பதைக் காட்டிலும் மிகுதியாக அவர் நம்மைக் கேட்பார். வீடு சொந்தமா, வாடகையா? பகலில் வீட்டில் யார் இருப்பர்? கோடை விடுமுறையில் அனைவரும் ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும்? மாற்றல் வந்தால் என்செய்வீர்? பணம் கொடுக்க வந்தவனை இப்படிக் குடைவதா என்று சினந்து திரும்பிய அன்பர்களும் உளர். மகளைக் கொடுக்கும் வீட்டார் கேட்பதினும் குறைவாகத்தான் அவர் கேட்கின்றார்! சில வேளை, இந்த ஈற்றில் உமக்கேற்ற குட்டி இல்லை, ஆறு திங்கள் பொறுங்கள் என்பார். பொறுத்தல் நன்று. எந்த நாளும் எந்த இனமும் உடனே கிடைக்கும் இடம் கடையே அன்றி வளர்ப்பகம் அன்று.

குட்டி வீட்டுக்கு வந்தபின் அவரை மறந்துவிடுதல் கூடாது. தடுப்பூசிகள் பதினாறாம் வாரம் வரை தொடர வேண்டியவை. எவ்வெவை முன்பே போடப்பட்டன என்ற குறிப்பை அவரிடமிருந்து எழுத்திற் பெறுக. நாய்க்கு ஓராண்டு நிரம்பும்போது ஒரு படமும் நான்கு வரிக் கடிதமும் அனுப்புங்கள். வலிப்போ தோல்நோயோ மூட்டுக்கோளாறோ கண்டால் அதையும் மறையாது எழுதுங்கள். அது பூசலுக்காக அன்று. எந்த இணையை இனிச் சேர்க்கலாகாது என்பதை அவர் அறிய வேறு வழியில்லை.

மாற்றல் என்ற சொல்லுக்கு அஞ்சி வாழ்பவர்கள் நம்முள் பலர். தில்லியிலிருந்து கௌகாத்திக்கு ஆணை வந்தால், அலமாரியையும் மிதிவண்டியையும் விற்பதுபோல் நாயையும் விற்கவோ, தெருவில் விடவோ துணிவோர் உளர் என்பதை எழுத நாணுகின்றோம். இரயிலில் நாயை அழைத்துச் செல்ல இயலும்: முதல் வகுப்பிற் சிற்றறை முழுவதையும் பதிவு செய்துகொண்டு உடன் ஏற்றிச் செல்லலாம்; அன்றேல் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்பலாம். இளங்குட்டியைக் கூண்டில் அனுப்புதல் எமக்கு உடன்பாடன்று. எவ்வாற்றானும் இயலாதபோது நாயைத் தாமே திரும்ப ஏற்றுக்கொள்வதாக நல்ல வளர்ப்பாளர் வாக்களிப்பார். அவ்வாக்கை வாங்கும் நாளிலேயே எழுத்தில் பெற்று, தடுப்பூசிக் குறிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முகவரி மாறும்போதெல்லாம் அவருக்கும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.